தீர்த்தகிரியின் தேங்காயும் ஜீப்பின் குறுக்குக் கம்பியும்

திருச்செங்கோட்டில் துளையிடும் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்க்கிணறு போட்டுக்கொடுத்தவர்களில், நிலத்தடித் தண்ணீர் பார்க்கிறவருக்கென்று தனியாக ஒரு ஜீப் விட்டவர் மணியன் ஒருவர்தான். மற்ற முதலாளிகள் பஸ்ஸுக்குச் சில்லறை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மணியனுக்கு அதில் ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் அவருக்குத் தண்ணீர் பார்த்துவந்த தீர்த்தகிரிக்கு எமனாக வந்தது என்று அந்த ஜீப்பை ஓட்டிய செங்கோடன் இன்றைக்கும் சொல்வார். சொன்ன வாயாலேயே, "இல்லீங், அந்த ஜீப்புனாலதான அப்படி ஒரு மனுசங்கூடப் பழகக் கெடச்சுது" என்று திருத்தியும் கொள்வார்.

தீர்த்தகிரி அப்போது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் காடு (அந்தப் பக்கம் விவசாய நிலத்துக்கு அதுதான் பேர்), ஒரு ஓட்டு வீடு, ஒரு சைக்கிள். தோளில் மஞ்சள் பை, அதற்குள் குடுமியோடு ஒரே ஒரு தேங்காய். காட்டுக்குள் இறங்கும்போது செருப்பைக் கழற்றி வரப்பில் வைப்பார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து, கையை முன்னால் நீட்டியபடி, யாரோடும் பேசாமல் நடப்பார். கீழே நீரோட்டம் இருக்கிற இடம் வந்தால் படுத்திருந்த தேங்காய் மெல்ல எழுந்து நிற்கும். அந்த இடத்தில் ஒரு வேப்பங்குச்சியை நட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார். இது நிஜமா, கைவேலையா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். பதினோரு வருஷம் சைக்கிளில் போய் அவர் குச்சி நட்ட இடங்களில் பாதிக்கு மேல் இன்னும் மோட்டார் ஓடுகிறது. செங்கோடனுக்கு அது போதும்.

ஜீப் வந்தது எழுபத்தெட்டாம் வருஷம். மிலிட்டரிக்காரர்கள் ஏலம் விட்ட பழைய வண்டி. காட்டு வரப்பில் அடி தட்டக் கூடாது என்று மணியன் அதை நாலு விரல்கடை தூக்கி வைத்தார். மேலே கேரியர் போட்டு இரும்புக் குழாய்களைக் கட்டினார். பின்னால் சாமான் பெட்டி. எல்லாமாகச் சேர்ந்து வண்டிக்கு இடுப்பு இல்லாமல் போயிற்று. வளைவில் ஒரு பக்கம் சாயும்; அது நிமிர்வதற்குள் மறுபக்கம் சாயும். செங்கோடனுக்காவது பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் இருந்தது. பக்கத்து சீட்டில் இருந்த தீர்த்தகிரிக்கு மடியில் தேங்காயைத் தவிர வேறு பிடிப்பு இல்லை.

அந்த வருஷம் அவர் காட்டிய இடங்களில் மூன்று அடுத்தடுத்துப் பொய்த்தன. முந்நூறு அடி போயும் புழுதிதான் வந்தது. மூன்றாவது காட்டிலிருந்து திரும்பி வந்த அன்று மணியன் அவரை ஷெட்டுக்குக் கூப்பிட்டார். மணியன் கோபப்பட்டாலும் மரியாதை குறையாமல் கோபப்படுகிறவர்.

"ஏனுங்ணா, உங்களுக்கு வயசாயிருச்சோ என்னமோ. இன்னொண்ணு இப்படிப் போச்சுன்னா பேரு கெட்டுப் போகுமுங். நான் வேற ஆளைப் பாக்க வேண்டீதுதான்."

தீர்த்தகிரி வெளியே வந்தார்; ஜீப்பின் பானெட்டில் சாய்ந்து நின்றவர், செங்கோடனிடம்தான் வாயைத் திறந்தார்.

"சைக்கிள்ல போயி எறங்குனா பூமி அசையாம நிக்கும் சாமி. உன்ற ஜீப்புல இருந்து எறங்குனா பூமியே ஆடுது. நடக்கறப்ப நான் ஆடறனா, தண்ணிதான் தேங்காய ஆட்டுதான்னே தெரிய மாட்டீங்குது. போன மூணு காட்டுலயும் கண்ட எடத்துல எந்திரிச்சு நின்னுது."

"அப்படீன்னா சைக்கிள்லயே வந்தர்றீங்களா?"

"ஆத்தூருக்கும் தருமபுரிக்குமா? எம்பட முட்டிய நீ வாங்கிக்கிறயா?"

செங்கோடனுக்குச் சிரிப்பு வந்தாலும் மனசு ஆறவில்லை. தான் ஓட்டுகிற வண்டியால் ஒருத்தர் சோறு போகப் போகிறது. அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை என்று அவர் மனைவி பெருமாயி பின்னாளில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிக் காட்டுவாள்.

மறுநாள் லாரி மெக்கானிக் ராசுவிடம் போய்ச் சொன்னார். ராசு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஸ்டெபிலைசர் கம்பி கெடையாது. நீயாத்தான் ஒண்ணு வாங்கிப் போடோணும்" என்றான். அது படுக்கவைத்த 'ப' போல வளைந்த ஒரு முறுக்குக் கம்பி. நடுப்பாகம் வண்டியின் அடிச்சட்டத்தில் ரப்பர் வைத்துக் கட்டியிருக்கும். இரண்டு முனையும் இடது, வலது சக்கரங்களுக்குப் பக்கத்தில் அச்சோடு சேர்ந்திருக்கும். வண்டி ஒரு பக்கம் சாயப் போனால் கம்பி முறுக்கிக்கொண்டு, சாய விடாமல் பிடித்து இழுக்கும். "எந்தக் கனத்துல போடறது?" என்று செங்கோடன் கேட்டார். "கனமாப் பாத்துப் போடு" என்றான் ராசு. லாரிக்காரர்களுக்கு வேறு பதில் தெரியாது. ஸ்பிரிங் பட்டை உடைந்தால் இன்னொரு பட்டை, பாடி ஆடினால் இன்னொரு ஆங்கிள் இரும்பு, அவ்வளவுதான் அவர்கள் வைத்தியம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவள் கண்ணாத்தாள். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுவாள். எந்த இரும்பு எந்த வண்டியில் கிடந்தது என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவாள். செங்கோடனும் தீர்த்தகிரியும் போன அன்று அவள் கடையில் மூன்று கம்பிகள் கிடந்தன. லாரியில் கழற்றியது மணிக்கட்டுக் கனம். வேனில் கழற்றியது கட்டைவிரல் கனம். கார் கம்பி சுண்டுவிரல் கனம்தான் இருந்தது.

"என்ன வண்டிக்கு?" என்றாள்.

"ஜீப்புக்குங்கோ. தூக்கி வெச்ச வண்டி. ரோட்டுல தூளி மாதிரி ஆடுது."

"ரோட்டுல மட்டுந்தான் போவுமா, காட்டுக்குள்ளயும் போவுமா?"

"ரெண்டும்தானுங்க."

"அப்ப வேன் கம்பிய எடுத்துக்க."

செங்கோடன் வேன் கம்பியைத் தூக்கிப் பார்த்தார். லேசாக இருந்தது. லாரிக் கம்பியைத் தூக்கிப் பார்த்தார். தோள் இறங்கியது, மனசு நிறைந்தது. "இதையே போடுங்க" என்றார். கண்ணாத்தாள் தீர்த்தகிரியைப் பார்த்தாள். அவர், "டிரைவர் அவன்தான் தாயீ" என்று கையை விரித்தார்.

"உங்க வண்டி, உங்க முதுகு" என்று சொல்லிவிட்டு அவள் வெற்றிலையைத் துப்பப் போய்விட்டாள்.

ராசு அதை இரண்டு நாளில் பொருத்திக் கொடுத்தான். சோதனை பார்க்கத் தீர்த்தகிரியின் தேங்காயைத்தான் வைத்துக்கொண்டார்கள். அவர் முன் சீட்டில் கையை நீட்டி, தேங்காயைப் படுக்கவைத்து உட்கார்ந்தார். செங்கோடன் திருச்செங்கோட்டிலிருந்து ஆட்டையாம்பட்டி வரைக்கும் வண்டியை விரட்டினார். வளைவில் வண்டி சாயவில்லை, தேங்காய் எழவில்லை. ஆட்டையாம்பட்டியில் இறங்கி டீ குடித்தார்கள். கடைக்காரரிடம் தீர்த்தகிரி சம்பந்தமே இல்லாமல், "எங்க ஜீப்பு இப்ப ரயிலுங்க" என்று சொன்னார்.

அந்தச் சந்தோஷம் காட்டு வரப்பு வரைக்கும்தான். இரண்டு நாள் கழித்து ஒரு காட்டுக்குள் இறங்கியபோது இடது சக்கரம் வரப்பில் ஏற, கம்பி வலது பக்கத்தையும் சேர்த்து உதறியது. ஒரு சக்கரத்தின் அடி இரண்டு சக்கரத்துக்கும் விழுந்தது. வண்டி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசியது. ஓடையில் இறங்கியபோது பின்சக்கரம் ஒன்று பள்ளத்துக்குள் இறங்க மாட்டேன் என்று அந்தரத்தில் நின்று சுற்றியது. தீர்த்தகிரியின் நெற்றி கூரைக் கம்பியில் இடித்து, எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியது. தேங்காய் வெளியே போய் விழுந்து இரண்டாக உடைந்தது. காட்டுக்காரரிடம் நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு, ஓடைக்கரையில் உட்கார்ந்து ஆளுக்கொரு மூடியைத் தின்றார்கள்.

"கனமாப் பாத்துப் போடுன்னு எவஞ் சொன்னான்?" என்று தீர்த்தகிரி கேட்டார்.

"ராசு."

"அவனக் கூட்டியாந்து இந்த சீட்டுல ஒக்கார வெக்கோணும்."

கண்ணாத்தாள் நெற்றி வீக்கத்தைப் பார்த்ததும் லாரிக் கம்பியை வாங்கிப் போட்டுவிட்டு வேன் கம்பியை எடுத்துக் கொடுத்தாள். அது ஜீப்பின் அகலத்துக்கு இரண்டு விரல்கடை கூடுதலாக இருந்தது. உலையில் வைத்து வளைத்துக்கொள்ளலாமா என்று செங்கோடன் கேட்டபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "காச்சினா அதுல இருக்கிற முறுக்கு செத்துப்போவும். அப்புறம் அது வெறும் தடி. கம்பியத் தொடாத, கம்பி மாட்டற பிடிய மாத்து" என்றாள். அவள் சொன்னபடியே ராசு பிடிகளை வெளிப்பக்கமாகத் தள்ளி அடித்தான். மறுபேச்சுப் பேசவில்லை, அவனுக்கும் நெற்றி வீக்கம் காட்டப்பட்டிருந்தது.

வேன் கம்பியோடு ரோட்டில் வண்டி அடக்கமாகப் போயிற்று. காட்டில் உதறல் குறைந்ததே தவிரப் போகவில்லை. ரோட்டுக்குக் கம்பி வேண்டும், காட்டுக்குக் கம்பி ஆகாது. செங்கோடன் தலையைச் சொறிந்துகொண்டு தீர்த்தகிரியின் வீட்டு முன்னால் நின்றார்.

"காட்டோரத்துல கழட்டிப்போட்டு, ரோட்டுக்கு வந்து மாட்டிக்கிட்டா என்ன?" என்றார் தீர்த்தகிரி.

"போல்ட்டுங்ணா அது. கழட்டறதுக்கே அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள காட்டுக்காரரு ஊட்டுக்குப் போயிருவாரு."

தீர்த்தகிரி வேப்ப மரத்தடிக்கு நடந்தார். மாட்டை விற்றுச் சைக்கிள் வாங்கின வருஷத்திலிருந்து அவருடைய கட்டை வண்டி அங்கேதான் நின்றது. சக்கரம் கழன்று ஓடாமல் அச்சின் முனையில் செருகியிருக்கும் கடையாணிகள் இரண்டையும் கல்லால் தட்டி உருவினார். பெண் துணையில்லாத ஆம்பளை வீடு அது. துடைக்கத் துணி தேடாமல் தன் வேட்டியிலேயே துருவைத் துடைத்து நீட்டினார்.

"போல்ட்டுக்குப் பதிலா இதச் செருகு. உருவுனா காடு, செருகுனா ரோடு."

ராசு ஓட்டைகளைக் கடையாணி அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தான். அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. காட்டோரம் வந்ததும் செங்கோடன் அடியில் குனிந்து இரண்டு ஆணிகளையும் உருவி, கம்பியின் முனைகளைக் கயிற்றால் தூக்கிக் கட்டி, ஆணிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி செருகுவார். இரண்டே நிமிஷம். உடைந்த தேங்காய்க்குப் பதில் புதுத் தேங்காய் வந்தது. நாளைக்கு வருகிறோம் என்று சொல்லியிருந்த அந்தக் காட்டில் தீர்த்தகிரி குச்சி நட்டார். நூற்றெண்பது அடியில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. காட்டுக்காரர் தீர்த்தகிரியின் தலையில் ஒரு குடம் ஊற்றினார். மணியன் வேறு ஆள் என்ற பேச்சையே விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாலு வருஷத்தைத்தான் செங்கோடன் திரும்பத் திரும்பச் சொல்வார். விடிகாலையில் கிளம்பிக் காவிரியைத் தாண்டிப் போனதும், குமாரபாளையத்தில் தறிச்சத்தத்துக்கு நடுவே இட்லி தின்றதும், வழியில் யாராவது கையைக் காட்டி நிறுத்தி, "நீங்க சொன்ன கெணறு இன்னும் வத்தலீங்" என்று கரும்பை ஜீப்பில் போட்டதும். மோட்டார் ஓடும் காடுகளைத் தாண்டும்போது தீர்த்தகிரி எண்ணிக்கொண்டே வருவார். எண்ணிக்கை தப்பினால் செங்கோடன் திருத்துவார். அந்த மாதிரி நாள் இனி வராது என்று சொல்லி முடிப்பார்.

பிறகு எண்பத்து மூன்று வந்தது. மழை ஏமாற்றி இரண்டாவது வருஷம். பழைய போர்களே வற்றின. ஒரே மாசத்தில் நாலு காடுகளில் தீர்த்தகிரி முழுக்க நடந்துவிட்டு, தேங்காய் எழவில்லை, தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். ரிக் வண்டி பன்னிரண்டு நாளாக ஷெட்டில் நின்றது. ஒரு காலையில் மணியன் அவரிடம் வந்தார்.

"அண்ணா, இன்னைக்கு ராசிபுரத்துப் பக்கம் சின்னண்ணன் காடு. எங்கியாச்சும் ஒரு குச்சிய நட்டுப்போட்டு வாங்க. தண்ணி வந்தா அவரு அதிர்ஷ்டம். வல்லீன்னா மழையில்லாத வருசம், ஆரும் நம்மளக் குத்தஞ் சொல்ல மாட்டாங்க. இன்னைக்கும் இல்லீன்னு வந்தா, எனக்கு வேற வழி தெரியலீங்."

பக்கத்தில் நின்ற செங்கோடனுக்கு அந்த நிமிஷம் ஒரு புத்தி தோன்றியது. நல்ல புத்தியா கெட்ட புத்தியா என்று யோசிக்க அவர் நிற்கவில்லை. அன்று கம்பியில் ஆணியைச் செருகவில்லை. இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். ஜீப் ஆடட்டும், மனுஷன் தலை சுற்றி இறங்கட்டும், தேங்காய் எங்காவது எழுந்து நிற்கட்டும். பொய் சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டார். தேங்காய் நின்றால் நம்பித்தானே ஆக வேண்டும்.

முதல் வளைவில் வண்டி பழையபடி சாய்ந்தது. இரண்டாவது வளைவில் தீர்த்தகிரி கதவைப் பிடித்துக்கொண்டார்.

"கடையாணி போடலயா சாமி?"

"மறந்துட்டனுங்ணா."

"பாக்கெட்டு தொங்குது."

செங்கோடன் வண்டியை ஓரம் கட்டினார். தீர்த்தகிரி கையை நீட்ட, ஆணிகளை எடுத்துக் கொடுத்தார். அந்த வெள்ளை வேட்டியோடு அவரே ரோட்டோரம் மண்டிபோட்டு, அடியில் குனிந்து, இரண்டு பக்கமும் செருகிவிட்டு எழுந்தார். தோளில் கிரீஸ் அப்பியிருந்தது.

"எனக்காகத்தான் பண்ணுன, தெரியும்" என்றார். "ஆனா அவரு ஊட்டுப் பொம்பளைங்க நகையை அடகு வெச்சுத்தான் போர் போடுவாங்க சாமி."

பிறகு புளிய மரத்தடியில் உட்கார்ந்து, தலை நிதானத்துக்கு வரும் வரைக்கும் கண்ணை மூடியிருந்தார். செங்கோடன் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சின்னண்ணன் காடு ஒன்பது ஏக்கர். தீர்த்தகிரி வெறுங்காலோடு ஒரு வரப்பு விடாமல் நடந்தார். தேங்காய் உள்ளங்கையில் படுத்தது படுத்தபடியே கிடந்தது. காய்ந்த மரவள்ளிக்கு நடுவே சின்னண்ணன் கூடவே நடந்து, "எங்கியாச்சும் சொல்லுங்க சாமி, ஒரு எடம் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடைசி வரப்பில் தீர்த்தகிரி நின்றார்.

"இங்க இல்லீங்க. இருக்கறதையும் மண்ணுக்குள்ள போட்டறாதீங்க. மழை பேஞ்சா உங்க பழைய கெணத்துலயே ஊறும்."

புல்லட்டில் பின்னாலேயே வந்திருந்த மணியன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். சத்தம் போடவில்லை. "சரிங்ணா. நீங்க ஊட்டுல இருங்க. வேலையிருந்தா ஆள் சொல்லி உடறேன்" என்றார். ஆள் வராது என்பது மூன்று பேருக்கும் தெரியும். அடுத்த வாரமே வேறொருத்தர் வேறொரு தேங்காயோடு வந்தார். அதே காட்டில் அவர் தேங்காய் ஐந்து இடத்தில் நின்றது. இரண்டு இடத்தில் போர் ஓட்டினார்கள். இரண்டிலும் நானூறு அடிக்குப் புழுதி. அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற ரிக் வண்டிக்குப் புழுதியும் தண்ணீரும் ஒன்றுதான்.

ஆனால் அது அடுத்த வாரம். அன்று சாயங்காலம் செங்கோடன் தீர்த்தகிரியை ஊரில் விடக் கிளம்பினார். காட்டை விட்டுத் தார் ரோட்டில் ஏறியதும் வழக்கம்போல வண்டியை நிறுத்தி, ஆணிகளைச் செருக இறங்கினார்.

"வேண்டாஞ் சாமி. பையிலயே கெடக்கட்டும்."

"ஆடுமுங்ணா."

"ஆடட்டும். இனி நான் ஆரு காட்டுல எறங்கப் போறேன்?"

ஜீப் ஆடியது. நாலு வருஷமாகக் கட்டிப்போட்டிருந்த ஆட்டத்தையெல்லாம் சேர்த்து ஆடியது. தீர்த்தகிரி ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தார். மல்லசமுத்திரத்துக்கு முந்தின வளைவில் பையிலிருந்து தேங்காயை எடுத்து, மறு உள்ளங்கையில் படுக்கவைத்து முன்னால் நீட்டினார். வண்டி சாய்ந்தது. தேங்காய் நிமிர்ந்து நேராக எழுந்து நின்றது.

"பாத்துக்க சாமி" என்றார் தீர்த்தகிரி. "தார் ரோட்டுக்கடியிலயே தண்ணி."

செங்கோடனுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் மறைத்தது. வண்டியை மெதுவாக்கிக்கொண்டார். சட்டைப் பையில் இரண்டு ஆணிகளும் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டபடியே வந்தன.